சல்லிக்கு மேலே ஒன்பது

திரையில் ஒன்பதைக் கண்டதும் சிவகுருநாதன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். துறைமுகத்துக்கு மேலே ஒரு முகில்கூட இல்லை. பின்னேர வெயிலில் சூடேறிய கப்பல் தகடுகளின் துருவாடையும் எண்ணெய் மணமும் அறைக்குள் வந்து தங்கியிருந்தன.

அந்த வருடம்தான் வானிலைக் கந்தோருக்குக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. ராடார் பிடிப்பதை அதன் புரோகிராம் வாசித்து, பச்சைத் திரையில் மழையை எண்களாக வரையும். ஒன்று என்றால் தூறல். ஒன்பது என்றால் பேய்மழை. இப்போது வெறுங்கடலில் ஒன்பதுகள் மட்டும் ஒரு சிறு கொத்தாகச் சேர்ந்து, வீசிக்கொண்டிருந்த காற்றுக்கு எதிராக, கரையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன.

"புரோகிராமில பிழையாயிருக்கும், சேர்," என்ற உதவியாளர் ஆனந்தராசா, அதை நிறுத்தி மறுபடி ஓடவிட்டார்.

திரை வரிவரியாக நிரம்பியது. கொத்து அப்படியே இருந்தது. இப்போது சல்லி மீனவக் கிராமத்துக்கு மேலே.

சல்லித் தபால் கந்தோரில்தான் சிவகுருநாதனின் மனைவி நல்லம்மா வேலை செய்தாள். டெலிபோனை எடுத்தார்.

"அங்க மழையோ?"

"இல்லையே, நல்ல வெயில். ஆனா ஓட்டுக்கு மேல தண்ணி ஓடுற மாதிரிச் சத்தம் கேக்குது. வெளியில சனமெல்லாம் மேல பாத்துக்கொண்டு நிக்குது."

"நீர் வெளியில போகாதேயும். கதவைச் சாத்தும்."

"என்னத்தைப் பாக்கினமெண்டு ஒருக்கா..."

"நல்லம்மா!"

ரிசீவரை மேசையில் வைக்கும் ஓசை. செருப்புச் சத்தம். பிறகு, தண்ணீர் ஓடும் இரைச்சல் மட்டும்.

ஆனந்தராசாவின் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். வழியெல்லாம் புழுதி. எங்கும் ஒரு துளி ஈரமில்லை. சல்லியை நெருங்க நெருங்க, கருவாட்டு மணத்துக்கு மேலாக, ஆழ்கடலின் குளிர்ந்த சேற்று வாடை எழுந்தது.

காகம் கரையவில்லை. நாய் குரைக்கவில்லை.

தபால் கந்தோர் வாசலில் அவள் நின்றாள். முகம் வானத்தை நோக்கி.

"நல்லம்மா."

அசையவில்லை. சேலை உலர்ந்திருந்தது. காலடி மணலும் உலர்ந்திருந்தது. கிட்டப் போனார்.

வாய் திறந்திருந்தது. விளிம்புவரை கடல்நீர். அதற்குள் ஒரு சிறு மீன் மெல்லத் திரும்பியது.

நிமிர்ந்து பார்த்தார். வேலியோரம், கிணற்றடியில், தோணிகளுக்கிடையில், தெரு நெடுக எல்லோரும் அண்ணாந்தபடியே நின்றார்கள். திறந்த வாய்கள் ஒவ்வொன்றிலும் தண்ணீர் வெயில்பட்டு மினுங்கியது.