நடு எட்டு யாருடையது?

ஊற்றுமானி என்ற கறுப்புப் பெட்டி வந்தபிறகு ஊரில் யாரும் எந்த மெட்டையும் வாய்விட்டு முணுமுணுப்பதில்லை. காதில் விழுவதெல்லாம் பிறந்ததிலிருந்து பதிவாகிற காலம். ஒரு மெட்டைக் கொடுத்தால், அது முதலில் யாரிடமிருந்து கிளம்பியது என்று அந்தப் பெட்டி தேடிப் பெயரோடு சொல்லிவிடும்.

ஞானதாஸுக்கு அதில் ஏக சந்தோஷம். வேப்பேரி ஜாஸ் குழுவில் பன்னிரண்டு வருடமாக இமெல்டாவின் சாக்ஸபோனுக்குப் பக்கத்தில் பியானோ வாசிப்பவன் அவன். நாற்பது மெட்டு போட்டிருக்கிறான். ஒன்றையும் வேறு குழு தொட்டதில்லை. அவள் போட்டது ஒன்றே ஒன்று, 'மழைக்கு முந்தி'. அதை நிலாக் குடியிருப்பில்கூட வாசிக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் அவனுக்கு வயிறு எரிந்தது.

அப்படியொன்றும் கம்பசூத்திரமில்லை. முப்பத்திரண்டு தாளச் சுற்று. முதல் எட்டில் ஒரு மெட்டு, அடுத்த எட்டில் அதுவே மறுபடி. 'நடு எட்டு' என்று சொல்லப்படும் மூன்றாம் எட்டு சுருதி மாறி வேறெங்கோ போகும். கடைசி எட்டு வீடு திரும்பும். அடியில் ஓடும் சுரக்கட்டுகள், அதாவது கார்டுகள், ஒரு பழைய பாட்டினுடையவை. அது குற்றமில்லை, அடுத்தவர் அஸ்திவாரத்தில் தன் வீட்டைக் கட்டுவது ஜாஸ்காரர்களின் வழக்கம். ஆனால் அந்த மூன்றாம் எட்டு, எல்லோரும் கண்ணை மூடிக் கேட்கும் இடம், அவளுக்குத் தோன்றியிருக்கவே முடியாது. திருட்டுத்தான்.

இசைச் சங்கத்தில் புகார் கொடுத்தான். புகார் கொடுப்பவனும் தன் மெட்டுகளைப் பெட்டியிடம் காட்ட வேண்டும் என்பது விதி. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? நாற்பதையும் கொடுத்தான்.

குழு முழுக்கக் கூடியிருக்க, பெட்டி சொன்னது. முதல், இரண்டாம், நான்காம் எட்டுகள் இமெல்டா. மூன்றாம் எட்டு ஞானதாஸ்.

அவன் துள்ளி எழுந்தான். பன்னிரண்டு வருடத்தில் இப்படி மனம் குளிர்ந்ததில்லை.

இமெல்டா மறுக்கவில்லை. "ஒருநாள் பயிற்சியில உன் கை தவறி வேற சுருதிக்குப் போச்சு. நல்லாருக்கு, வச்சுக்கன்னு சொன்னேன். தப்புன்னு தூக்கிப் போட்டே. நான் எடுத்துக்கிட்டேன். உன் பேரையும் போடறேன்னு வந்தா, என் தப்புக்கு என் பேரா, கேலி பண்றியான்னு கத்தினே."

அவனுக்கும் லேசாக நினைவு வந்தது. அதற்குள் பெட்டி அடுத்த பட்டியலைத் திரையில் போட்டது. நாற்பது மெட்டு, நாற்பதுக்கும் ஒரே ஊற்று: இமெல்டா. ஒத்திகைக்கு முன்னால் அவள் சும்மா ஊதிப் பார்த்துக் கைவிட்ட துண்டுகள். பொறாமையில் கேட்டாலும் கேட்டது கேட்டதுதானே. அவள் என்ன ஊதுகிறாள் என்று பன்னிரண்டு வருடம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தவனுக்குள் அவளைத் தவிர வேறு யாரும் குடியேறவில்லை. அவனுடையது என்று உலகத்தில் இருந்தது அந்தத் தவறு ஒன்றுதான்.

இமெல்டா பட்டியலைக் கடைசிவரை படித்தாள்.

"இதெல்லாம் நல்லால்லேன்னு நான் விட்டது ஞானம்," என்றாள். "நீயே வச்சுக்க."