பாதிச் சாப்பாட்டில் எழுப்பப்பட்டவர்

மதியம் 1.25.

டெல்ஃபினோ ராய்பால் தன் பழைய பிக்கப் வண்டியின் கதவைத் திறந்து, இருக்கைக்கு அடியில் கைவிட்டார். ஒன்றும் தட்டுப்படவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். அரை மணி நேரத்துக்கு முன் உறையோடு வைத்த கைத்துப்பாக்கியைக் காணோம்.

கண்ணாடி உடையவில்லை. கதவும் பூட்டியே இருந்தது. இப்போதுதான் சாவி போட்டுத் திறந்தார்.

பனி விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. சுவடு ஏதாவது இருந்திருந்தாலும் மூடிப்போயிருக்கும். அறுபத்தொன்பது வயது ஆட்டுக்காரர் வண்டியின் மேல் கை வைத்தபடி ஒரு நிமிடம் நின்றார். பிறகு, இப்போதுதான் சாப்பிட்டு முடித்த அதே உணவகத்துக்குள் திரும்பி நடந்தார்.

"ஒஃபீலியா, போலீஸைக் கூப்பிடு. என் துப்பாக்கியை எவனோ எடுத்துட்டான். அதை வச்சு எவனாவது யாரையாவது சுட்டுட்டா, அந்தப் பாவம் எனக்குத்தான்."

கல்லாவில் நின்ற ஒஃபீலியா லுசேரோ ஜன்னல் வழியே அவர் வண்டியைப் பார்த்தாள். அப்புறம் தொலைபேசியை எடுத்தாள்.

மதியம் 1.50.

ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து துணை அதிகாரி இலியானா பாக்கா வந்தாள். அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவள். கடையில் இருந்த எல்லோரையும் அவளுக்குத் தெரியும். ஜன்னலோரம் பனி அள்ளும் லாரிக்காரர்கள் இருவர். அடுப்புக்குப் பக்கத்து மேசையில் வாரன் பிக்ஸ்லி. சான்டா ஃபேயில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர். அடுக்களையில் சமையல்காரன் பெனிட்டோ. அவ்வளவுதான். இந்தப் பனியில் யாரும் கிளம்பவில்லை.

"மாமா, முதல்லேர்ந்து சொல்லுங்க."

"பன்னிரண்டரைக்கு வந்தேன். ஒஃபீலியாவைக் கட்டிப்பிடிச்சு விசாரிச்சேன். மூலை மேசையில உக்காந்தேன். சிவப்பு மிளகாய்ச் சாறு ஊத்தின என்சிலாடா சொன்னேன்."

"நீங்க பச்சை மிளகாய்தானே சாப்பிடுவீங்க?"

"ஸொயிலாவுக்குச் சிவப்புதான் பிடிக்கும்." ஸொயிலா அவர் மனைவி. செப்டம்பரில் போய்ச் சேர்ந்தவள். "இன்னைக்கு அது சாப்பிடணும்போல இருந்துச்சு."

"துப்பாக்கி எங்க இருந்துச்சு?"

"இடுப்புல. மேல கோட்டு. முழங்கால் வரைக்கும் வரும்ல, இதேதான்."

"அப்புறம்?"

"பாதி சாப்பிட்டிருப்பேன். இவ வந்து பக்கத்து நாற்காலில உக்காந்தா. காதுக்கு மட்டும் கேக்கற மாதிரி, 'அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, இடுப்புல இருக்கறதோட இங்க இருக்க வேண்டாம், வெளியே போயிடுங்க'ன்னா. சரின்னு எழுந்தேன்."

"ஒரு வார்த்தை கேக்கலையா?"

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? அவ வீடு, அவ அடுப்பு. போன்னா போகணும். ரெண்டு கையும் தெரியற மாதிரி மேசையில வச்சு எழுந்தேன். கதவுக்குப் போறதுக்குள்ள அவளே பின்னாடி வந்துட்டா. 'வண்டியில வச்சுப் பூட்டிட்டுத் திரும்பி வாங்க, தட்டை அடுப்புமேல வைக்கிறேன்'னா. வச்சுட்டு வந்தேன். கோட்டு நனைஞ்சிருந்துச்சு. அவதான் வாங்கி மாட்டினா."

"சாவி?"

"கோட்டுப் பையில."

இலியானா திரும்பிப் பார்த்தாள். கோட்டு மாட்டும் ஆணி, கழிவறைக்கும் அடுக்களைக்கும் போகும் நடையில் இருந்தது. யார் வேண்டுமானாலும் கடந்து போகலாம்.

"வழக்கமா உங்க நாய் வண்டியில இருக்குமே? ஒருத்தரையும் கிட்ட விடாதே."

"மார்த்தினெஸ் வீட்டுக்குக் கொடுத்துட்டேன். காலையிலதான். பிள்ளைங்க இருக்கற வீடு, நல்லா பாத்துக்குவாங்க."

நாய் இல்லாதது திருடனுக்கு வசதி. இலியானா அதைக் குறித்துக்கொண்டாள்.

மதியம் 2.05.

"மிஸ்டர் பிக்ஸ்லி, போன மாசம் அவர் துப்பாக்கியை விலைக்குக் கேட்டீங்களாம்."

"கேட்டேன். அவங்க தாத்தா காலத்தது. தரமாட்டேன்னுட்டார்."

"இன்னைக்குக் கழிவறைக்குப் போனீங்களா?"

"போனேன். காபி குடிச்சா போகத்தானே வேணும்? அதுக்கு வாரன்ட் வேணுமா?" அவர் முகம் சிவந்தது. "என் வண்டியைத் திறந்து பாருங்க. என் பையைக் கொட்டிப் பாருங்க."

இலியானா அப்படியே செய்தாள். வண்டியில் ஒரு பழைய தறி, இரண்டு கம்பளி விரிப்பு, பல் இல்லாத ஒரு சீப்பு. துப்பாக்கி இல்லை.

"அவர் துப்பாக்கியோட இருக்கறதா கடையில புகார் சொன்னது நீங்களா?"

"நானா? இன்னைக்கு அவர் அதை இடுப்புல வச்சிருந்ததே எனக்கு இப்பத்தான் தெரியும். கோட்டுத்தானே தெரிஞ்சது!"

லாரிக்காரர்களிடம் கேட்டாள். இருவரும் இல்லை என்று தலையாட்டினார்கள். புகார் சொல்லவில்லை. எதையும் பார்க்கவில்லை. இடத்தைவிட்டு எழுந்திருக்கவும் இல்லை.

"ஒஃபீலியா அக்கா, யார் புகார் சொன்னது?"

"பேரு சொல்ல வேண்டாம்னுட்டாங்க." ஒஃபீலியா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கனவே துடைத்த மேசை.

மதியம் 2.15. அடுக்களை.

"பின்வாசல் வழியா யாராவது போனாங்களா பெனிட்டோ?"

"ஒருத்தரும் போகலை. ஒஃபீலியாம்மா மட்டும் குப்பை கொட்டப் போனாங்க. ஒரு மணி இருக்கும். நான் பன்னெண்டுக்கே கொட்டிட்டேன். சொன்னா யாரு கேக்கறா? அதுக்கு முன்னாடி போன்ல யார்கிட்டயோ பேசிட்டிருந்தாங்க, கண்ணைத் துடைச்சுக்கிட்டே." வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவன் இலியானாவின் இடுப்பைப் பார்த்துச் சிரித்தான். "நீங்களும் ஒண்ணு வச்சிருக்கீங்களே, பாத்து! இன்னைக்கு உங்களையும் வெளியே போகச் சொல்லிடப் போறாங்க. நவம்பர்ல மான் வேட்டைக்காரங்க வந்தா இந்தக் கடையே ராணுவக் கிடங்கு மாதிரி இருக்கும். அப்பல்லாம் ஒரு பேச்சு கிடையாது. பாவம், டெல்ஃபினோ மாமாவைப் பிடிச்சு..."

இலியானா குறிப்பேட்டை மூடினாள்.

இம்மாதிரி விவகாரங்களுக்காக வருடத்தில் நாலைந்து தடவையாவது அவளுக்கு அழைப்பு வரும். கடைக்காரர் எட்ட நின்று அதட்டுவார். வந்தவர் 'என் உரிமை' என்று எகிறுவார். இன்றைக்கு இருவருமே ஒருவர் மனம் ஒருவர் நோகாமல் நடந்திருக்கிறார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அது ஏன் நடந்தது என்பதற்குத்தான் காரணமே இல்லை.

அவள் மறுபடி மூலை மேசைக்குப் போனாள்.

"மாமா, திரும்பி வந்தப்புறம் எவ்வளவு நேரம் உக்காந்திருந்தீங்க?"

"அதை ஏன் கேக்கறே மகளே! வெளியே போன்னவளே அப்புறம் போகவிட மாட்டேங்கறா. தட்டு காலியானதும் சூப்பு. சூப்பு ஆனதும் பொரிச்ச சோப்பபீயா ரொட்டியும் தேனும். அப்புறம் காபி, மறுபடி காபி. எழுந்திரிச்சா கையைப் பிடிச்சு உக்கார வைக்கிறா."

"வண்டிகிட்டப் போனப்போ கதவு பூட்டியிருந்துச்சு. சாவி கோட்டுப் பையிலயே இருந்துச்சு. அப்படித்தானே?"

"ஆமா."

"பெனிட்டோ, முன்கதவுகிட்டக் கொஞ்சம் நில்லு. ஒஃபீலியா அக்கா, உள்ளே வாங்க. மாமா, நீங்களும் வாங்க."

மதியம் 2.25.

அடுக்களைக்குப் பின்னால் சாமான் அறை. மூன்று பேர் நிற்கத்தான் இடம். இலியானா கதவைச் சாத்தினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"திருடன் துப்பாக்கியை எடுத்துட்டு ஓடுவான். பனியில நின்னு கதவைப் பூட்டிட்டு, சாவியைத் திரும்பக் கொண்டுவந்து கோட்டுப் பையில போடமாட்டான். அது திருடன் செய்யற வேலை இல்ல. அந்த வண்டிக்காரர் மேல அக்கறை உள்ளவங்க செய்யற வேலை."

டெல்ஃபினோ புரியாமல் பார்த்தார். ஒஃபீலியா தரையைப் பார்த்தாள்.

"இடுப்புல இருந்ததைக் கோட்டு மூடியிருந்துச்சு. கடையில ஒருத்தருக்கும் தெரியலை. அப்ப யாரு புகார் சொல்லியிருப்பாங்க? யாரும் சொல்லலை. உள்ளே வந்ததும் மாமா ஒருத்தரை மட்டும் கட்டிப்பிடிச்சார். அவங்க கைக்குத்தான் அது தட்டுப்பட்டிருக்கும். நான் கவனிக்காம விட்டது வேற ஒண்ணு. இந்தக் கடையில துப்பாக்கியோட சாப்பிட்டவங்களை இதுவரைக்கும் யாரும் எழுப்பினதே இல்ல. நானே வேட்டைக்காரங்க நடுவுல உக்காந்து சாப்பிட்டிருக்கேன். அப்ப அக்காவுக்குப் பயம் துப்பாக்கியைப் பாத்து இல்ல."

இலியானா ஒஃபீலியாவின் பக்கம் திரும்பினாள்.

"எடுத்தது நீங்கதான் அக்கா."

ஒஃபீலியா மூலையில் இருந்த பீன்ஸ் மூட்டையை அவிழ்த்தாள். முழங்கை வரை கையை விட்டு, துணியில் சுற்றியதை வெளியே எடுத்து, இலியானாவிடம் கொடுத்தாள்.

"ஒஃபீலியா! நீயா?" டெல்ஃபினோ அந்தத் துணிச்சுருளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "எதுக்கு? கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே!"

"குடுத்திருக்க மாட்டீங்க அண்ணே." அவள் இப்போது அழுதுகொண்டிருந்தாள். "இருபத்திரெண்டு வருஷமா வர்றீங்க. காரம் பத்தலை, காபி ஆறிப்போச்சு, இதைத் தவிர உங்க வாயில வேற வார்த்தை வந்ததில்ல. இன்னைக்கு என்னைக் கட்டிப்பிடிச்சு 'இத்தனை வருஷம் சோறு போட்டியே, நல்லா இரு'ன்னீங்க. பெனிட்டோவைக் கூப்பிட்டுக் கை குடுத்தீங்க. நாயைக் குடுத்தாச்சு, ஆட்டைத் தம்பி மகனுக்குக் குடுத்தாச்சுன்னு சொல்றீங்க. அதுக்கு மேல ஸொயிலாவோட சாப்பாடு. இடுப்புல அது."

"நேரா கேட்டிருக்கலாமே அக்கா?" என்றாள் இலியானா.

"கேட்டா 'சீச்சீ, அதெல்லாம் இல்ல'ன்னு சிரிச்சுட்டுக் கிளம்பிடுவார். வெளியே போன்னா மட்டும் தட்டாம போவார். அந்த மரியாதை அவருக்கு உண்டு. எனக்கு வேற வழி தெரியலை. எல்லார் முன்னாடியும் இதைச் சொல்லி அவரைச் சங்கடப்படுத்தவும் முடியலை. அதான் புகார்னு பொய் சொன்னேன்."

இலியானா டெல்ஃபினோவின் எதிரே வந்து நின்றாள். தொப்பியைக் கழற்றினாள்.

"மாமா, நேராவே கேக்கறேன். இன்னைக்கு உங்க உயிரை முடிச்சுக்கணும்னு இருந்தீங்களா?"

அவர் மெல்ல அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"வீட்டுக்குப் போனா சத்தமே இல்ல மகளே," என்றார். "ரெண்டு கோப்பையில காபி ஊத்திடறேன். அப்புறம் ஒண்ணைக் கொட்டறேன். தினமும். இன்னைக்கு ஊத்தினப்போ, போதும்னு தோணிச்சு."

ஒஃபீலியா அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"இவ போகச் சொன்னப்போ கோபம்தான் வந்துச்சு," அவர் தொடர்ந்தார். "கடைசிச் சாப்பாட்டுல கூட எழுப்பிவிடறாளேன்னு. வண்டியில வச்சுட்டுத் திரும்பி வர்றேன், பனியில. கதவைத் திறந்தா அடுப்புமேல என் தட்டு. ஆவி பறக்குது. அப்பத்தான் தெரிஞ்சுது, நான் பசியோட இருக்கேன்னு. எத்தனையோ நாளாச்சு, எனக்குப் பசின்னு ஒண்ணு தெரிஞ்சு." கண்களைப் புறங்கையால் துடைத்தார். "அந்தச் சூப்பைக் குடிக்கறப்போ, இன்னைக்கு வேண்டாம், நாளைக்குப் பாத்துக்கலாம்னு நெனச்சேன். அவ்வளவுதான் நெனச்சேன்."

"அது போதும் மாமா. இன்னைக்கு அது போதும்." இலியானா துணிச்சுருளைத் தூக்கிக் காட்டினாள். "இது எங்க அலுவலகத்துல இருக்கட்டுமா?"

"இருக்கட்டும். நான் கேட்டாலும் குடுக்காதே. பள்ளத்தாக்குல வசந்தம் வரட்டும், அப்பப் பேசிக்கலாம்." பிறகு ஒஃபீலியாவின் பக்கம் திரும்பினார். "பீன்ஸ் மூட்டையிலயா ஒளிச்சு வச்சே? நாளைக்கு அதைச் சமைச்சா இரும்பு வாடை அடிக்கும்."

"நாளைக்கு நீங்கதான் வந்து சாப்பிட்டுப் பாத்துச் சொல்லணும்," என்றாள் அவள்.

இலியானா வெளியே வந்து, பொருள் கிடைத்துவிட்டது, தவறுதலாக எடுத்து வைக்கப்பட்டிருந்தது என்று மட்டும் அறிவித்தாள். பிக்ஸ்லியிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் சாமான் அறைக் கதவையும், ஒஃபீலியாவின் சிவந்த கண்களையும் ஒருமுறை பார்த்தார். ஒன்றும் விசாரிக்கவில்லை. "கிடைச்சதே, நல்லது," என்று சொல்லிவிட்டு, தன் மேசையிலிருந்த தேன் பாட்டிலை மூலை மேசைக்கு நகர்த்தி வைத்தார்.

மதியம் 3.40.

பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு சிறிய கார் வந்து கடை வாசலில் கோணலாக நின்றது. ஆல்புகெர்க்கியிலிருந்து டெல்ஃபினோவின் மகள் மரிசெலா. ஒரு மணிக்கு முன்பே ஒஃபீலியா அவளைத் தொலைபேசியில் அழைத்துவிட்டிருந்தாள். போட்டிருந்த மருத்துவமனைச் சீருடையை மாற்றாமல், குளிருக்கு ஒரு கோட்டுகூட இல்லாமல் ஓடிவந்த மகள், அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

"இன்னைக்கே என்னோட வர்றீங்க. நாளைக்குக் காலையில டாக்டரைப் பாக்கறோம். ஒரு பேச்சு கூடாது."

"வர்றேன். வர்றேம்மா. கொஞ்சம் மூச்சு விட விடு."

அவர் எழுந்து நின்றார். கோட்டைச் சரிசெய்துகொண்டார். மகளின் தோளைப் பிடித்து, கல்லாவுக்குப் பக்கத்தில் இடுப்பில் கட்டியிருந்த துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தவளிடம் அழைத்துப் போனார். பெரிய மனிதர் ஒருவரை அறிமுகப்படுத்துகிற குரலில் சொன்னார்:

"மரிசெலா, இவங்கதான் என்னை வெளியே போகச் சொன்னவங்க. நன்றி சொல்லு."