வராத துகள்கள்

நிலவின் தென்துருவக் குகை நகரில் விளக்கு எரிகிறதா இல்லையா என்று வெறுங்கண்ணால் சொல்ல முடியாது. மின்சாரம் முழுவதையும் மூச்சுக்காற்றுக் கூடமே விழுங்கிவிடும். வெளிச்சத்துக்கு மிஞ்சுவது சொற்பம். ஆனாலும் யாரும் இருட்டில் தடுமாறவில்லை. எல்லோர் கண்ணிலும் துகள்வில்லை இருந்தது. வந்து விழும் ஒவ்வோர் ஒளித்துகளையும் பிடித்துப் பெருக்கிக் காட்டும் மெல்லிய வில்லை. அதைப் போட்டுக்கொண்டால் பட்டப்பகல்தான்.

பல ஆண்டுகளுக்கு முன் அதை உருவாக்கியவர்கள் நாச்சியாரும் அவள் அண்ணன் ஆவுடையப்பனும். துகளைப் பிடிக்கும் பரப்பு அவளுடையது. பிடித்ததைப் படமாக்கும் நிரல் அவனுடையது.

அன்று நாச்சியாரின் கணவன் முத்தையா உணவுக்கூடத்தில் மயங்கி விழுந்தான். நகரத்தில் முழு வெளிச்சம் உள்ள ஒரே இடம் மருத்துவமனை. அங்கே வில்லையைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். கட்டிலில் கிடந்தவனைப் பார்த்ததும் வேறு அறைக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்தாள். கன்னம் ஒட்டி, விழியெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது.

"காமாலை முத்திப்போச்சும்மா. கல்லீரல் தாங்குமான்னு தெரியல. வீட்டுல யாருமே கவனிக்கலையா?" என்றார் மருத்துவர்.

"தினமும் பார்க்கேன் டாக்டர். காலையிலகூட எதிர்ல உக்காந்துதான் சாப்பிட்டாரு. நல்லாத்தான் இருந்தாரு."

சொல்லும்போதே அவளுக்குப் பொறி தட்டியது. விளக்கைக் குறைத்தால் துகள்கள் வலுவிழப்பதில்லை, எண்ணிக்கையில்தான் குறைகின்றன. வந்த துகளை எவ்வளவு வேண்டுமானாலும் பெருக்கலாம். வராத துகள் கொண்டுவராத சேதியை எந்த வில்லை காட்டும்?

நேரே அண்ணனின் ஆய்வகத்துக்குப் போனாள்.

"அண்ணே, வீட்டுல நான் பார்த்தது யார் முகம்?"

ஆவுடையப்பன் தலைகுனிந்தான். "மாப்பிள்ளை முகந்தான். பழசு. வில்லை போட்ட புதுசுல பதிவானது. துகள் பத்தாத இடத்தையெல்லாம் நிரல் அத வச்சு நிரப்பிக்கிடும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நிரப்பலன்னா எல்லாம் புள்ளி புள்ளியாத் தெரியும். அப்படி இருந்தா யாரு போட்டுக்கிடுவா? இந்த ஊரே அமைஞ்சிருக்காது தாயி."

"உன் கண்ணுல இருக்குறதும் அப்படித்தானா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என்னோடதுல நிரப்புற நிரல் கிடையாது. சரிபார்க்க ஒருத்தனுக்காவது நெசம் தெரியணும்லா."

"அப்போ... அவரு மெலிஞ்சுக்கிட்டே வந்தது உனக்குத் தெரியும்."

"மங்கலா..."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். சொன்னா, எனக்கு மட்டும் எப்படித் தெரியுதுன்னு கேட்டிருப்பே."

ஒன்றாய்ச் சேர்ந்து உண்ட விருந்து நாள்கள் எல்லாம் அவள் நினைவில் வந்துபோயின. எதிரே உட்கார்ந்து, அவள் கணவன் உருக்குலைவதைப் பார்த்தபடியே குழம்பு ஊற்றிக்கொண்டிருக்கிறான் அண்ணன். அவனை அறையக்கூட அவளுக்குக் கை எழவில்லை.

"இனிமே நீ எனக்கு அண்ணனில்ல. ஊரக் கூட்டி நானே சொல்லப்போறேன்," என்றுவிட்டுத் திரும்பினாள்.

மருத்துவமனையில் முத்தையாவுக்கு நினைவு திரும்பியிருந்தது. மருந்து வேலை செய்கிறது, பிழைத்துக்கொள்வார் என்றார் மருத்துவர். முழு வெளிச்சத்தில், வில்லை இல்லாத கண்களைச் சுருக்கிக்கொண்டு கிடந்தான். நாச்சியார் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பற்றினாள்.

அவளுடைய நரையோடிய தலையையும் சுருக்கம் விழுந்த முகத்தையும் அவன் உற்றுப் பார்த்தான். பிறகு கையை மரியாதையாக விடுவித்துக்கொண்டான்.

"சிஸ்டர், வெளியே என் சம்சாரம் நிப்பா. அவளக் கொஞ்சம் கூப்பிடுங்களேன்."