தோளில் ஒரு கை

செல்போன் அலறியது.

எடுத்தால்... அதைவிடப் பெரிய அலறல்!

"அம்பிகாக்கா! வேணு அண்ணன் தோள்ல... ஒரு கை!"

நான்கு கடை தள்ளி பிளெக்ஸ் அடிக்கும் பெலிக்ஸ்.

"இன்னாடா உளர்ற?"

"மாதா மேல ஆணைக்கா! பேனர் அடிச்சி முடிச்சிட்டேன். மூஞ்சி மட்டுந்தானே வரணும்... முழுப் படமும் வந்துகீது!"

பழவேற்காடு பஜாரில் டிசைன் கடை வைத்திருக்கும் அம்பிகா, கம்ப்யூட்டரைப் பார்த்தாள். முட்டை வடிவத்துக்குள் வேணுவின் முகம் மட்டும் சிரித்தது.

அவள் கணவன். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி.

வேறெங்கோ டிசைன் செய்த ஃபைலை அனுப்பியவன் மோகன்குமார்; அவள் தேதி மட்டும் சேர்த்துப் பெலிக்ஸுக்குத் தள்ளியிருந்தாள். வேணுவுக்குப் படகில் கூட்டாளி. கிராமத் தலைவர் தேர்தலில் வேணு நிற்க இருந்த இடத்தில் இப்போது இவன். பேனரில் செத்தவனைவிட இவன் முகம் பெரிது... வெட்கங்கெட்டவன்!

அவளுக்குப் புரிந்துவிட்டது.

மாஸ்க்!

படத்தின்மேல் போட்ட மூடி அது. கம்ப்யூட்டர் திரை அதற்குக் கட்டுப்படும். பெலிக்ஸின் பழைய மெஷினுக்கு அந்த பாஷையே தெரியாது.

மாஸ்க்கை எடுத்தாள்.

உறைந்தாள்...

படகு. வேணு. நீலச் சட்டையில் ஒற்றைச் சிவப்புப் பட்டன்! அவன் தோளில் கைபோட்டு இளித்தபடி மோகன்குமார்.

அந்தப் பட்டன் அவள் தைத்தது. வேணு கடைசியாகப் படகேறிய விடியற்காலையில்! மாலையில் முகத்துவாரத்தில் பிணம் ஒதுங்கியபோதும் அதே பட்டன்.

'குடிச்சிட்டுத் தனியாப் போயி வுழுந்துட்டான். நான் திருப்பாலைவனத்துல கல்யாணத்துல இருந்தேன்' என்று போலீசில் சொன்னவன் மோகன்குமார். ஊர் நம்பியது. குடிக்காத மனுஷனுக்கு ஒரு வருஷமாகக் குடிகாரப் பட்டம்!

கொல்லக் கூட்டிப்போகும்போதும் செல்ஃபி எடுக்காமல் இருக்கமுடியாத ஜென்மம்!

போனில் இரண்டே வார்த்தை சொல்லி வைத்தாள்.

ஒரு மணி நேரத்தில் மோகன்குமார் வந்தான்.

"இன்னாம்மா, பேனர் ரெடியா?"

"மாஸ்க் வேல செய்யலண்ணே."

"அது இன்னா கருமம்?"

"மூடிண்ணே. மறைக்கும்... ஆனா அழிக்காது. அடியில கீறது அப்படியேதான் கீது."

"ஒரு முட்டையை ஒழுங்கா அடிக்கத் தெரியல, நீயெல்லாம் டிசைனரு! வேணாததை வெட்டி எறி!"

"எதைண்ணே? உங்க கையையா?"

திரையைத் திருப்பினாள்.

அவன் முகம் வெளுத்தது.

"அ... அது பழைய போட்டோ!"

"பட்டன் அன்னிக்குத்தான் தச்சேன். சட்டை இன்னும் ஸ்டேஷன்லதான் கீது. கல்யாணத்துல சாப்பாடு நல்லா இருந்துச்சாண்ணே?"

மோகன்குமார் கம்ப்யூட்டரைப் பிடுங்கித் தரையில் அடித்தான். மிதித்தான். மூச்சிரைக்கச் சிரித்தான்.

"இப்ப எங்க உன் பட்டன்?"

"படகுத்துறையில."

"இன்னாது?"

"அவசரம், அடிச்ச ஒடனே கட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க? பதினஞ்சு அடி. இன்ஸ்பெக்டர் டீ குடிக்கிற கடைக்கு நேர் எதிர்ல! பட்டன் கதையையும் அவருக்குச் சொல்லிட்டேன்."

வெளியே ஜீப் நிற்கும் சத்தம்...

"மாஸ்க் வேல செய்யலன்னியே..."

"படத்தையே முட்டையா வெட்டி அனுப்பினா ரெண்டு நிமிஷ வேலை. நான்தான் பெலிக்ஸ்கிட்ட, 'அப்படியே கட்டு'ன்னேன்."

"அடிப்பாவி! ஊரே என் மூஞ்சியைப் பார்க்குமே..."

அம்பிகா நாற்காலியில் நிதானமாகச் சாய்ந்தாள்.

"கவலைப்படாதீங்கண்ணே. கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறப்ப தலையில துண்டு போட்டு மூடுவாங்க... அந்த மாஸ்க் நல்லா வேல செய்யும்!"