காணாமல் போன ஏழாம் மாடி

1984, ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை. காலை மணி எட்டு பத்து.

தேரடித் தெருவில் இருந்த உண்ணாமுலை லாட்ஜின் முதல் மாடி ஹாலில், மேஜைமேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியைச் சக்கரபாணி விலக்கினார். விலக்கியவர் போட்ட கூச்சலில், கீழே சாவிப் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேனேஜர் வேணுவுக்குக் காப்பி புரையேறியது.

ஏழு மாடிக் கட்டடத்தில் ஒரு மாடியைக் காணோம்.

நிஜக் கட்டடம் இல்லை. மெட்ராசில் கடலைப் பார்த்தாற்போல எழும்பப் போகிற 'சுவர்க்கா அபார்ட்மென்ட்ஸ்' என்ற, லிஃப்ட் வைத்த சொகுசு அடுக்குமாடியின் மாதிரி. அட்டையும் மெல்லிய பலகையும் வைத்துச் செய்தது. டிபன் கேரியரைக் கழற்றுவது போல ஒவ்வொரு மாடியையும் தனியே தூக்கி உள்ளே பார்க்கலாம். தலைநகரத்தில் ஒரு வீடு வேண்டும் என்ற ஆசை ஊரூராகப் பரவிக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஆசைக்கு விலை பேசத்தான் சக்கரபாணி இதைக் காரில் ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலைக்கு வந்திருந்தார். மாடிக்கு நான்கு வீடு. உச்சியில் மட்டும், சுற்றிலும் தோட்டத்தோடு ஒரே வீடு. அந்தத் தோட்டத்தில் கட்டைவிரல் அளவுக்கு வெள்ளியில் ஓர் ஊஞ்சல். இப்போது ஊஞ்சலும் இல்லை, வீடும் இல்லை, மாடியே இல்லை.

சக்கரபாணி பளிச்சென்ற சபாரி சூட்டும் அதைவிடப் பளிச்சென்ற பல்வரிசையுமாக இருப்பவர். அன்று காலை அந்தப் பற்கள் சிரிக்கவில்லை.

"காலையில இந்த ஹாலைத் தொறந்தது யாரு?"

திறந்தவள் காசியம்மாள். பதினோரு வருஷமாக அந்த லாட்ஜைப் பெருக்கித் துடைக்கிறவள். ஐந்தரை மணிக்கு வேணுவிடம் மாற்றுச் சாவியை வாங்கிப் பெருக்கிவிட்டு, ஆறு மணிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"துணி போத்தி இருந்துச்சு சார். நான் தொடவே இல்ல."

"வெள்ளி ஊஞ்சலும் உன்னைத் தொடலியா?"

அது முகூர்த்த நாள். கோயிலில் தாலி கட்டிக்கொண்டு வந்த கூட்டம் மாடிப்படி வரைக்கும் நின்றுகொண்டிருந்தது. அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. சக்கரபாணி பெரிய மனது பண்ணுகிறவர் மாதிரி வேணுவிடம் சொன்னார். "போலீசெல்லாம் வேணாம். இந்தப் பொம்பளையை வேலைய விட்டு நிறுத்துங்க, போதும்."

வேணு தலையைச் சொறிந்தார். காசியம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நேரே காவல் நிலையத்துக்கு நடந்தாள்.

மணி எட்டு இருபத்தைந்து. ஏட்டு இருசப்பன் அப்போதுதான் பொங்கலை முடித்திருந்தார். உலகத்தோடு எந்தச் சண்டையும் இல்லாத மனிதர். வயிறு பெல்ட்டுக்கு அடங்காது, கண் எதற்கும் அடங்காது. அவர் அரைத் தூக்கத்தில் இருப்பதாக நினைத்துப் பொய் சொன்னவர்கள் பலர் வேலூர் ஜெயிலில் களி தின்றிருக்கிறார்கள்.

"ஏட்டையா, என்னை விசாரிங்க" என்றாள் காசியம்மாள்.

இருபத்தைந்து வருஷ உத்தியோகத்தில் இருசப்பன் இப்படி ஒரு விண்ணப்பத்தைக் கேட்டதில்லை.

"எம் பொண்ணு சந்திரகலாவைப் பாக்க அடி அண்ணாமலைலேர்ந்து நாலு மணிக்கு வராங்க. திருடின்னு பேரு எடுத்துக்கினு எந்தக் கையால அவங்களுக்கு நான் காப்பி குடுப்பேன்? நான் எடுத்திருந்தா உள்ள வையுங்க. எடுக்கலன்னா, எடுக்கலன்னு உங்க வாயால சொல்லுங்க."

இருசப்பனுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டார்.

லாட்ஜ் வாசலில் புது மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஆரத்தி சுற்றிக்கொண்டிருந்தார்கள். சுற்றி முடித்த அம்மாள் தட்டுத் தண்ணீரைத் தெருவில் வீசினாள். அதில் பாதி இருசப்பனின் காக்கிக் கால்சட்டையில் சிவப்பாகத் தெறித்தது.

"ஐயையோ, பாக்கலீங்க. கவலைப்படாதீங்க ஏட்டையா, வெயில்ல போயிடும்" என்றாள் அவள். பரிகாரமாக ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடி ஏறினார்.

மணி எட்டு ஐம்பது. ஹாலுக்கு ஒரே கதவு. ஜன்னல்களில் கம்பி. பூட்டு உடைபடவில்லை. ஹாலை ஒட்டியே சக்கரபாணி தங்கியிருந்த அறை.

"சாவி எத்தினி?" என்று சக்கரபாணியைக் கேட்டார்.

"ரெண்டு. ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு கீழ."

"ஏழாம் மாடியைக் கடைசியாப் பாத்தது யாரு?"

"நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு மல்லாட்டை மண்டிக்காரர் சம்சாரம் வள்ளியம்மா வந்தாங்க. பாத்துட்டுப் போனாங்க. அப்புறம் துணியைப் போத்திப் பூட்டிட்டேன்."

"வாங்கினாங்களா?"

"இன்னும் முடிவு பண்ணல."

மாதிரிக் கட்டடம் ஒரு சாண் உயரப் பெட்டியின்மேல் நின்றது. பெட்டிக்குப் பச்சை வர்ணம் அடித்துப் புல்தரை ஆக்கியிருந்தார்கள். இருசப்பன் சுற்றி வந்தார்.

"நேத்து ஜன்னலுக்கு ஜன்னல் லைட்டு எரிஞ்சுதே. தெருவே வந்து பாத்துது. இன்னிக்கு எரியல?"

"பேட்டரி இறங்கிடுச்சு. கழட்டி வெச்சிருக்கேன்." ஜன்னலோரம் ஒரு மோட்டார் சைக்கிள் பேட்டரி, நாளிதழ்மேல் உட்கார்ந்திருந்தது.

சக்கரபாணியின் அறைக்குள் கொடியில் ஒரு லாட்ஜ் துண்டு ஈரமாகத் தொங்கியது. நடுவில் சிவப்புச் சிவப்பாகத் திட்டு. பக்கத்துக் குழாயடியில் கரைந்து பாதியான துணி சோப்பு.

"இது இன்னா கறை?"

"வெத்தலை, ஏட்டையா. நேத்து கொஞ்சம் ஜாஸ்தியாப் போட்டுட்டேன்." சக்கரபாணி சிரித்தார். பற்கள் முப்பத்திரண்டும் மல்லிகைச் சரம்.

இருசப்பன் அறை முழுக்கத் தேடினார். பெட்டி, படுக்கை, அலமாரி. காசியம்மாளின் குடிசையையும் அவள் கேட்டுக்கொண்டதால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அங்கே சட்டி பானையும், மாலைக்காக வாங்கி வைத்திருந்த ஒரு கிலோ ரவையும்தான் இருந்தன.

மணி பத்து. ரைஸ் மில் பரசுராமன் படியேறி வந்தார். ஏட்டைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினார். இருசப்பன் அவரைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"எந்த வீடு பாக்க வந்தீங்க?"

பரசுராமன் குரலைத் தாழ்த்தினார். "உச்சிமாடிதான். தோட்டம் வெச்சது. இன்னிக்கு அட்வான்ஸ் குடுக்கறதாப் பேச்சு. ரிஜிஸ்டர் ஆகற வரைக்கும் யாருக்கும் சொல்லாதீங்க, கண்ணு பட்டுடும்னு அந்த சாரே சொல்லியிருக்காரு. நீங்களும் வெளிய விட்டுடாதீங்க."

"நான் எங்க விடப் போறேன். பன்னெண்டே கால் மணிக்குத் திரும்பி வாங்க. அதுவரைக்கும் காசு கைமாற வேணாம்."

மணி பதினொன்று. வேர்க்கடலை மூட்டை அடுக்கியிருந்த மண்டிக்காரர் வீட்டில் வள்ளியம்மா மோர் கொடுத்தாள். எந்த வீட்டைப் பார்த்தாள் என்று கேட்டதும் மோருக்கு உப்புப் போதுமா என்று திருப்பிக் கேட்டாள்.

"கண்ணு பட்டுடும்னு சொன்னாரா?" என்றார் இருசப்பன்.

வள்ளியம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு சிரித்துவிட்டாள். "உச்சிமாடிங்க. நேத்தே செக் குடுத்தாச்சு."

"அப்புறம் இன்னா பண்ணீங்க?"

"கோயில்லேர்ந்து நேராப் போனேன். பிரசாதம் கையில இருந்துச்சு. நம்ம வீடுன்னு ஆயிடுச்சு, வாசக்காலுக்கு ஒண்ணும் வெக்காம வர மனசு கேக்கல. அந்தக் குட்டிக் கதவுக்கு, அவர் ரசீது எழுதறப்போ, விரலால மஞ்சளைப் பூசிக் கும்பிட்டுட்டு வந்தேன். பொம்மை வீட்டுக்குப் போய் இதெல்லாமான்னு எங்க வீட்டுக்காரர் கிண்டல் பண்ணாரு."

"குங்குமம்?"

"அது வழியிலயே பூக்காரிக்குக் குடுத்துட்டேன். மஞ்சள் மட்டும்தான்."

இருசப்பன் வெளியே வந்தார். துண்டில் இருந்தது சிவப்பு. வள்ளியம்மா வைத்தது மஞ்சள். பிடி கிடைத்தது போலிருந்து நழுவிவிட்டது. வெயில் மண்டையைப் பிளந்தது. குனிந்து வியர்வையைத் துடைத்தவர் தன் கால்சட்டையைப் பார்த்தார். காலையில் ரத்தம் போலத் தெறித்திருந்த ஆரத்திக் கறை பாதிக்குமேல் வெளுத்து, ஓரமெல்லாம் மஞ்சளாகக் கிடந்தது. நடுத்தெருவில் நின்று அவர் தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டார். பெண்டாட்டி இருபது வருஷமாகத் திட்டுவது சரிதான், வீட்டு வேலை எதையும் அவர் கவனித்ததில்லை.

மணி பன்னிரண்டே கால். ஹாலில் சக்கரபாணி, வேணு, பரசுராமன், வள்ளியம்மா. கதவோரம் காசியம்மாள்.

இருசப்பன் துண்டை மேஜைமேல் விரித்தார். பையிலிருந்த எலுமிச்சையைப் பேனாக் கத்தியால் இரண்டாக வெட்டி, சிவப்புத் திட்டின்மேல் பிழிந்தார். சாறு பட்ட இடமெல்லாம் கண்ணெதிரே மஞ்சளாக மாறியது.

"வெத்தலைக் கறை எலுமிச்சைக்கு மாறாது சார். அதோட, ஜாஸ்தியா வெத்தலை போடறவன் பல்லு இப்படி வெள்ளையாவும் இருக்காது. காசிம்மா, ஆரத்தித் தண்ணி எப்டி செவக்குது?"

"மஞ்சள்ல சுண்ணாம்பு சேத்தா செவக்கும். சோப்பு பட்டாலும் செவக்கும். மஞ்சத் துணியத் தொவைச்சவங்களுக்குத் தெரியாதா?"

"தொவைச்சவங்களுக்குத் தெரியும். இவருக்குத் தெரியல." இருசப்பன் நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்தார். "நேத்து வள்ளியம்மா உச்சிமாடியை வாங்கிட்டு, வாசக்காலுக்கு மஞ்சள் பூசிட்டுப் போயிட்டாங்க. மெட்ராஸ்ல வாங்கறவங்க கையெழுத்தைப் போட்டுட்டுப் போயிடுவாங்க. நம்ம ஊர்ல வாசக்காலை வெறுமனே விட்டுட்டு வருவாங்களா? சாருக்கு இது அப்புறம்தான் கண்ணுல பட்டிருக்கு. இன்னிக்கு அதே வீட்டைப் பரசுராமன் ஐயாவுக்கு விக்கணும். கதவுல மஞ்சளைப் பாத்தா, எவன் வீட்டுக்கு எவன் பூசினான்னு ஐயா கேக்க மாட்டாரா?"

பரசுராமனும் வள்ளியம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரே வீட்டின் இரண்டு சொந்தக்காரர்கள் அறிமுகமான தருணம் அது.

"சோப்பு போட்டு அழிக்கப் பாத்தாரு. மஞ்சள் ரத்தமா செவந்துபோச்சு. தேய்க்கத் தேய்க்க அட்டையும் ஊறிடுச்சு. தொலைஞ்சதா சொல்லிட்டா தேவலன்னு முடிவு பண்ணி, பழியைப் போட ஒரு ஏழையைத் தேடினாரு. போலீஸ் வேணாம்னு அவர் சொன்னதாக் கேள்விப்பட்டப்பவே எனக்குக் கொஞ்சம் இடிச்சுது. பறிகொடுத்தவன்ல எவன் அப்படிச் சொல்வான்?"

"இதெல்லாம் வெறும் யூகம்" என்றார் சக்கரபாணி. "அந்த மாடி எங்க? காட்டுங்க பாக்கலாம்."

இருசப்பன் பேட்டரியைத் தூக்கிவந்து, பெட்டியின் பக்கத்தில் தொங்கிய இரண்டு ஒயர்களை அதில் தொட்டார். ஆறு மாடி ஜன்னல்களும் பளீரென்று எரிந்தன.

"இறங்காத பேட்டரியை எதுக்குக் கழட்டினீங்க? அது இருந்த எடத்துல வேற எதையோ வெக்கணும்னுதானே?"

பச்சைப் பெட்டியின் பின்பலகையை அவர் இழுத்தார். உள்ளே, ஊறிக் காய்ந்து முறுக்கிக்கொண்ட ஏழாம் மாடி படுத்திருந்தது. வெள்ளி ஊஞ்சல் பத்திரமாக ஆடியது. குட்டிக் கதவு மட்டும் செக்கச்செவேலென்று இருந்தது.

சக்கரபாணியின் பற்கள் உதட்டுக்குள் போய்விட்டன. வள்ளியம்மா கொடுத்த செக் அவர் சட்டைப் பையிலிருந்தே வெளிவந்தது. மெட்ராசில் அவர் முதலாளிக்குத் தந்தி பறந்தது. மணி ஒன்றுக்கு அவர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அங்கே லிஃப்ட் கிடையாது.

வேணு காசியம்மாளிடம் வந்து, "மனசுல வெச்சுக்காதம்மா, நாளைக்கு எப்பவும்போல வந்துடு" என்றார். அவள், சாய்த்து வைத்த துடைப்பத்தை எடுத்து அதன் இடத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

மணி நான்கு. அடி அண்ணாமலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பேர் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். நல்ல செய்தி நடந்து வரும், கெட்ட செய்தி பஸ் பிடித்து வரும். காலையில் நடந்தது அவர்களுக்கு எட்டியிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா, பெயர் மண்ணாங்கட்டி, கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் வாசலில் குனிந்து உள்ளே வந்தார் இருசப்பன். சீருடையிலேயே வந்திருந்தார். பெண் வீட்டார் பக்கத்துப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

மண்ணாங்கட்டி தொண்டையைச் செருமினார். "ஏட்டையா பொண்ணுக்கு இன்னா உறவு முறைங்க?"

"உறவு ஒண்ணும் இல்லீங்க. காலையில இந்தம்மாவே ஸ்டேஷனுக்கு வந்து, என்னை விசாரிங்கன்னாங்க. விசாரிச்சேன். ஊசி முனை அளவு குத்தம் இல்ல. பதினோரு வருஷமா அந்த லாட்ஜ் சாவியெல்லாம் இவங்க கையிலதான் போய் வருது. ஒரு பொருள் காணோம்னு அந்த லாட்ஜ்லேர்ந்து ஒருத்தனும் எங்ககிட்ட வந்ததில்ல. நீங்க பொண்ணைப் பத்தி என்ன வேணும்னாலும் கேளுங்க. அம்மாவை விசாரிச்சு முடிச்சாச்சு."

மண்ணாங்கட்டி கூரையிலிருந்து கண்ணை இறக்கினார். பிறகு சம்பந்தியிடம் பேசுகிற குரலில், "காப்பி குடுங்கம்மா" என்றார்.

காசியம்மாள் தட்டில் தம்ளர்களை அடுக்கி எடுத்துவந்தாள். வழிய வழிய ஊற்றியிருந்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.