சுப்பையன் உட்கார்ந்திருந்த அறை

பூட்டிக் கிடந்த நூல் மில்லுக்குச் சௌந்திரம் வந்து சேர்ந்தபோது ஜலகண்டாபுரத்துக்கு மேல் மேகம் கவிந்திருந்தது. எண்பத்தொன்பதாம் வருஷத்து ஐப்பசி. அவள் கையிலிருந்த மஞ்சப்பையில், துண்டில் சுற்றிய ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது.

சேலத்து அச்சகம் ஒன்றில் கம்ப்யூட்டர் பார்ப்பவள். நெசவுக்காரக் குடும்பம். கம்ப்யூட்டரில் தமிழ் அச்சடிப்பதற்காக, சேலைக் கரைக்கு டிசைன் போடும் கட்டம்போட்ட தாளில் தமிழ் எழுத்துகளை வரைந்து, புள்ளி புள்ளியாக ஒன்றரை வருஷம் அந்த டிஸ்க்கில் ஏற்றியிருந்தாள். நகல் எடுத்து வைத்திருந்த பிளாப்பிகள் மழையில் பூஞ்சை பிடித்துப்போயின. போன வாரம் டிஸ்க்கும் நின்றுவிட்டது.

உள்ளே சுழலும் தட்டுகள் நன்றாகத்தான் இருந்தன. அடியிலிருந்த சர்க்யூட் போர்டுதான் கருகியிருந்தது. அதே மாடல் டிஸ்க் இந்த மில்லில் இருந்தது. போர்டைக் கழற்றிக்கொள்ள மில் முதலாளி சம்மதித்திருந்தார்.

வாட்ச்மேன் அப்புசாமி சாவியைக் கொடுத்தாரே தவிர, ஆபீஸ் அறை வாசலைத் தாண்டி வரவில்லை.

"அம்மிணி, வேண்டாமுங்க. இங்க கம்ப்யூட்டரு பாத்த நம்ம சுப்பையன் அந்தச் சேர்லதான் கரண்டு அடிச்சுச் செத்தான். இன்னமும் எந்திரிச்சுப் போகலீங்க."

"ஏனுங்கய்யா, அவரு எந்திரிக்கலைன்னு என்ற எழுத்தை நான் உட்டுட்டுப் போக முடியுங்களா? மெயினைப் போடுங்க."

அறையில் பஞ்சு நாற்றம். அதற்கடியில் இன்னொரு வாடை, தலைமுடி கருகினாற்போல. ஜன்னலெல்லாம் தூசி, பட்டப்பகலிலும் இருட்டு. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

நாற்காலி சூடாக இருந்தது.

உடனே எழுந்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதிலேயே உட்கார்ந்து, மில் டிஸ்க்கின் திருகுகளைக் கழற்றினாள். பச்சைப் போர்டு முனகலோடு பிரிந்து வந்தது. அதைத் தன் டிஸ்க்கின் அடியில் பொருத்தி, பட்டை ஒயர்களைச் சொருகி, அங்கிருந்த கம்ப்யூட்டரிலேயே மாட்டி சுவிட்சைப் போட்டாள்.

டிஸ்க் சுழன்றது. மெல்லிய ஊளை. பிறகு டிக், டிக்.

திரையில் அவளுடைய எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. புது பிளாப்பியைப் போட்டு நகல் எடுக்கத் தொடங்கினாள்.

அப்போது கீழே ஒரு வரி, எழுத்தெழுத்தாக வந்தது.

எந்திரி.

அவள் கைகள் மடியில் இருந்தன.

எந்திரி. இது என் இடம்.

பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள். கருகல் வாடை நெஞ்சை அடைத்தது.

"எந்திரிக்க மாட்டேனுங்க" என்றாள் முணுமுணுப்பாக.

திரையில் 'அ' தேயத் தொடங்கியது. ஒரு புள்ளி போயிற்று. இன்னொன்று. பிறகு 'ஆ'வின் சுழி. யாரோ நகத்தால் சுரண்டுவதுபோல.

பயம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. திரையைப் பார்த்துக் கத்தினாள்.

"கைய எடுங்க! நீங்க செத்ததுக்கு நானா காரணம்? இந்த மில்லு உங்களைக் கொன்னுச்சு, நீங்க என்ற பொழப்பைக் கொல்லுவீங்களா? புள்ளையத் தூங்க வெச்சுப்போட்டு முழிச்சிருந்து வரைஞ்சதுங்க இது. இருக்கறதுன்னா இருந்துக்குங்க. தொடாதீங்க!"

எல்லாம் நின்றது.

டிஸ்க்கின் ஊளை மட்டும். வெளியே மழையின் முதல் சொட்டுகள்.

தேய்ந்த இடத்தில் புள்ளிகள் திரும்ப வரவில்லை. ஆனால் மேற்கொண்டு ஒன்றும் அழியவில்லை. 'அ'வையும் 'ஆ'வையும் மறுபடி வரைந்துகொள்ளலாம். நகல் முடிந்ததும் பிளாப்பியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. ஒயர்களைக் கழற்றி டிஸ்க்கைக் கையில் எடுத்தாள்.

அது சுழன்றுகொண்டிருந்தது.

வாசலில் அப்புசாமி வெளிறி நின்றார். "அதை இங்கியே போட்டுட்டு ஓடியாங்க, அம்மிணி!"

"இது என்னுதுங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

சேலம் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்தவள், முருங்கைக்காய்க் கட்டோடு வந்த ஒரு நடுவயதுப் பெண், சற்று நேரம் சௌந்திரத்தின் மடியையே பார்த்தாள்.

"ஏனுங்க, பையில உசுரோட ஏதாச்சும் வெச்சிருக்கறீங்களா? துடிக்குதே!"

சௌந்திரம் பையை இன்னும் இறுக்கி அணைத்தாள்.

"ஆமாங்க. என்ற கூட வேலைக்கு வாராருங்க."