கோவண்டி ஆண்ட்டி அனுப்பிய மெயில்

சஃபீனா செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள். "சைபர் போலீசுக்கு ஒரு கம்ப்ளெயின்ட் எழுதணும்க்கா. எப்படி எழுதணும்னு உங்களைக் கேட்டா தெரியும்னாங்க."

செம்பூர் வீட்டின் ஹாலில் ஜெயகணேஷ் செய்தித்தாளை மடித்து வைத்தார். அவர் மனைவி விஜயராணி தபால் துறையின் விசாரணைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீடு தேடி வரும் வழக்குகளில் அவளுக்கு உதவியாளர் அவர்தான், யாரும் நியமிக்கவில்லை.

"யார் மேல?" என்றாள் விஜயராணி.

"சங்கரேஸ்வரி மேல." சஃபீனா செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள்.

சஃபீனாவுக்குத் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை. சங்கரேஸ்வரிக்கு மாட்டுங்காவில் பொடி, வடாம் வியாபாரம். கோவண்டியில் அடுத்தடுத்த வீட்டில் இருந்த நாளிலிருந்து சிநேகிதம். தாதர் கண்காட்சியில் இருவரும் சேர்ந்து ஒரு ஸ்டால் எடுத்திருந்தார்கள். முன் மேஜையில் பையா, பொடியா என்று வாய்த்தகராறு. மறுநாள் சங்கரேஸ்வரியின் பெயரில் ஒரு மெயில், 'போட்டோ பார்' என்று. திறந்ததும் பட்டறைக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. தெரிந்தவர்கள் பலருக்கும் அதே மெயில் போயிருந்தது.

"ஆத்திரத்துல வியாபாரிங்க குரூப்புல போட்டுட்டேன், இவகிட்ட யாரும் யாவாரம் வச்சுக்காதீங்கன்னு. அன்னையோட அவளுக்கு ஆர்டர் நின்னு போச்சாம்."

"அவங்க என்ன சொல்றாங்க?"

"தான் அனுப்பலேன்னு எல்லார்கிட்டயும் சொல்றாளாம். ஆனா அவ அட்ரஸ் பளிச்சுனு தெரியுதே."

"கவர்ல அனுப்புநர்னு யார் பேரை வேணும்னாலும் யாரும் எழுதலாம். மெயிலும் அப்படித்தான். காட்டு, பாப்போம்."

சஃபீனா போனில் அந்த மெயிலின் படத்தை எடுத்துக் காட்டினாள். அனுப்பியவர் பெயர் 'கோவண்டி ஆண்ட்டி'. அதன் கீழே சங்கரேஸ்வரியின் முகவரி.

"இப்படி ஒரு பேரா?"

"அவ கோவண்டியில இருந்தவதானே. ஏதோ ஸ்டைலா வச்சிருக்கான்னு நினைச்சேன்."

"உங்க ரெண்டு பேர் மெயில் அட்ரஸும் வேற யார்கிட்ட இருக்கு?"

"கூரியர் முத்துசெல்வம் அண்ணன்கிட்ட. அப்புறம் என் மக பரீஹாகிட்ட. காலேஜ் போறா."

"எல்லாரையும் நாளைக்குப் பட்டறைக்கு வரச்சொல்லு. சங்கரேஸ்வரியை நான் கூப்பிடுறேன். கம்ப்ளெயின்ட் அதுக்கப்புறம்."

மறுநாள் ஆட்டோவிலேயே ஜெயகணேஷ் வழக்கை முடித்துவிட்டார். "கூரியர்க்காரன்தான் ராணி. பக்கா. எல்லார் அட்ரஸும் அவன்கிட்ட இருக்கு."

"அவருக்கு என்ன வயசிருக்கும்?"

"வைரஸுக்கும் வயசுக்கும் என்ன சம்பந்தம்?"

விஜயராணி வெளியே பார்த்தாள். அப்படி அவள் பார்த்தால் விடை கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அவருக்கு எரிச்சலாக வந்தது.

பட்டறையில் முத்துசெல்வம் நரைத்த தலையைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார். பரீஹா மடியில் லேப்டாப் பை. சங்கரேஸ்வரி வாசலிலேயே நின்றாள். ஸ்டூலைக் காட்டியும் உட்காரவில்லை.

"எல்லாரும் போனை எடுங்க. சங்கரேஸ்வரி நம்பரையும் மெயிலையும் என்ன பேர்ல போட்டு வச்சிருக்கீங்க?"

முத்துசெல்வம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். "மாட்டுங்கா பொடி."

"கோவண்டின்னு இல்லையா?" என்றார் ஜெயகணேஷ், கொஞ்சம் கெஞ்சலாகவே.

"இவங்களை எனக்கு மாட்டுங்கா வந்தப்புறம்தான் தெரியும் சார்."

சஃபீனாவின் போனில் 'சங்கரி' என்று இருந்தது. பரீஹா போனை எடுக்கவில்லை.

"சங்கரேஸ்வரி, உங்க மெயில்ல நீங்க வச்ச பேர் என்ன?"

"என் பேர்தான். வேற என்ன வைப்பாங்க?"

"அதைத்தான் நானும் யோசிச்சேன். எந்தப் பொம்பளை தனக்குத்தானே ஆண்ட்டின்னு பேர் வச்சுக்குவா?"

முத்துசெல்வம் வாய்விட்டுச் சிரித்தார். விஜயராணி நிதானமாகத் தொடர்ந்தாள்.

"அது இன்னொருத்தர் போட்டு வச்ச பேர். வைரஸ் ஒரு மெஷினுக்குள்ள புகுந்தா, அதுல இருக்கிற பேரையும் அட்ரஸையும் அப்படியே எடுத்து அனுப்புநர்னு போட்டுக்கும். மத்தவங்களுக்கெல்லாம் அனுப்பும். அப்ப அந்த மெஷின் யாரோடது? கோவண்டியில இவங்களைப் பாத்து வளர்ந்த ஆள். ஆண்ட்டின்னு கூப்பிடுற வயசு."

பரீஹா அழத் தொடங்கியிருந்தாள். "உம்மா, பைக்கெல்லாம் ஒரு கேட்லாக் பண்ணலாம்னுதான்... சாஃப்ட்வேர் ஃப்ரீயா கிடைச்சுது, டவுன்லோட் பண்ணேன். அப்புறம் லேப்டாப் ஸ்லோ ஆச்சு. இதுதான் காரணம்னு சத்தியமா தெரியாது."

"சரி, சண்டை போட்ட மறுநாளே எப்படி வந்தது?" ஜெயகணேஷ் விடவில்லை.

"எந்த நாள் வந்திருந்தாலும் முந்தின நாள் இவங்களுக்குள்ள ஒரு சண்டை இருந்திருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. சஃபீனா தரையில் கிடந்த தோல் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சங்கரி..."

"எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்லா," என்றாள் சங்கரேஸ்வரி. "கேட்டியா நீ?"

"கேக்கல."

"குரூப்புல சொன்னேல்லா. குரூப்புலயே சொல்லு. எழுதாத. வாயால சொல்லு."

சஃபீனா குரூப்பைத் திறந்து, குரல் பதிவை அழுத்திப் போனை வாயருகே வைத்தாள். முதல் தடவை பேசியதை அழித்தாள். இரண்டாம் தடவை சுற்றி வளைக்காமல் சொன்னாள். மெயில் வந்தது தன் வீட்டு லேப்டாப்பிலிருந்து. சங்கரேஸ்வரி மேல் எந்தத் தப்பும் இல்லை. விசாரிக்காமல் பேசியது தன் தப்பு. அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"இனிமே ஆக வேண்டியது," என்றாள் விஜயராணி. "அந்த லேப்டாப்ல நெட்டை நிறுத்து. ரிப்பேர்க்காரர் சுத்தம் பண்ணட்டும். பாஸ்வேர்டெல்லாம் வேற மெஷின்லேர்ந்து மாத்து. மெயில் போன ஒவ்வொருத்தருக்கும் போன் பண்ணி, திறக்காதீங்கன்னு சொல்லணும்."

பரீஹா கண்ணைத் துடைத்துக்கொண்டு போன் திரையைத் தள்ளிப் பார்த்தாள். பெயர்கள் வந்துகொண்டே இருந்தன.

சங்கரேஸ்வரி உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பாதி நம்பரை எனக்கு அனுப்பு மக்கா. என் பேருல வந்தது. நான் பேசுனாத்தான் சனம் நம்பும்."

மீதியை சஃபீனா எடுத்துக்கொண்டாள். இருவரும் ஒரே நேரத்தில் ஹலோ என்றார்கள்.

"மெதுவாப் பேசுடி," என்றாள் சங்கரேஸ்வரி, போனைக் கையால் பொத்திக்கொண்டு. "எனக்கு அந்தப் பக்கம் என்ன சொல்லுதாங்கன்னே கேக்கல."